ஆறு கோழி வச்சா தினம் ஆறு முட்டை வராது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல கொல்லையில கோழி வளர்க்கிறதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. ஆசையா ரெண்டு தடவை படிச்சேன், ஏன்னா எங்க வீட்டுலயும் கோழி இருக்கு. கோவிச்சுக்காதீங்க, எழுதினவர் கோழி வளர்த்தவர் இல்லைன்னு மூணாவது பத்தியிலயே தெரிஞ்சு போச்சு. ஒரு கட்டம் போட்டு, 6 கோழி, 365 நாள், பெருக்குனா வருஷத்துக்கு 2,190 முட்டைன்னு எழுதி, அதுக்குக் கீழ லாபக் கணக்கு வேற. என் வீட்டுக்காரம்மா அதைப் படிச்சுட்டு சிரிச்ச சிரிப்புல கையில இருந்த டம்ளர் கீழ விழுந்துருச்சு. இவருக்கு யாராச்சும் ஒரு கோழியைக் கொண்டு போய் குடுங்களேன், ஒரு மாசம் போகட்டும்னு சொன்னா.

சரி கணக்கு தப்பானா திருத்திக்கலாம், அதுக்காக மட்டும் நான் இந்த லெட்டர் எழுதல. அரைப் பக்கம் எழுதினவர் புரதம் எத்தனை கிராம், தீவனம் எத்தனை கிலோ, கூண்டு எத்தனை அடின்னு எல்லாம் எழுதிட்டு, கையை உள்ள விட்டு முட்டையை எடுக்குற அந்த ஒரு விஷயத்தைப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே, அதான் மனசு கேக்கல. கோழி வளர்க்கிறவங்க எல்லாரும் அதுக்காகத்தான் சார் வளர்க்குறாங்க. வெளியில வேற காரணம் சொல்லுவாங்க, மருந்தில்லாத முட்டை, குழந்தைகளுக்கு நல்லது, மிச்ச சோறு வீணாகாதுன்னு, அதெல்லாம் உண்மைதான், ஆனா விடிஞ்சும் விடியாம செருப்பைக் கூட மாட்டாம கொல்லைக்கு ஓடுறது அதுக்காக இல்ல.

எங்க வீட்டுல 6 கோழி, ஒரு சேவல். கூண்டைக் கழுவணும், எச்சத்தை அள்ளணும், தண்ணி மாத்தணும்னா ஆளாளுக்கு ஒரு வேலை வந்துரும், ஒருத்தருக்கு போன் வரும், இன்னொருத்தருக்கு இடுப்பு வலிக்கும். முட்டை எடுக்கணும்னா மட்டும் நாலு பேரும் வாசப்படியில நிப்போம். இதுல நிஜமாவே சண்டை வந்து, கடைசியில பேத்தி இங்க இருக்குற நாள் எல்லாம் பேத்திக்கு, மத்த நாள் எச்சம் அள்ளுறவங்களுக்குன்னு ஒரு ஒப்பந்தம் போட்டோம். அதனால நான்தான் அள்ளுறேன்.

இப்போ எடுத்த முட்டை எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு எப்படி சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். சூடா இருக்கும்னு சொன்னா பத்தாது. கோழியோட உடம்புச் சூடு நம்மளோடதை விட அதிகம், 41 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கும், அதனால இப்போதான் இட்ட முட்டையை உள்ளங்கையில வச்சா காய்ச்சல்காரன் நெத்தியைத் தொட்ட மாதிரி இருக்கும், ஆனா அதுல பயம் இருக்காது. குளிர் காலத்துல நான் அதைக் கன்னத்துல வச்சுக்குவேன், யாரும் பார்க்கலன்னா. ஒரே ஒரு தடவை கோழி முட்டை இடுறதை நேரா பார்த்திருக்கேன், கருப்பின்னு ஒரு கோழி, அது மட்டும் ஆள் நின்னா கண்டுக்காது. லேசா எழுந்து நின்னுச்சு, கண்ணை பாதி மூடுச்சு, மூச்சு மட்டும் வேகமா, பொத்துன்னு வைக்கோல்ல விழுந்துச்சு. அப்போ அந்த முட்டை ஈரமா பளபளன்னு இருந்துச்சு சார், நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அந்த ஈரம் காஞ்சு மங்கலாச்சு. அது சும்மா ஈரம் இல்ல, ஓட்டுல ஆயிரக்கணக்குல கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு, அதை அடைக்கிற ஒரு மெல்லிய பூச்சு. அப்படிக் காஞ்ச முட்டையைத் தொட்டா வழுவழுன்னு இருக்காது, லேசா மாவு தடவுன மாதிரி இருக்கும், தொட்டுப் பழகுனவங்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு அப்புறமாத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்த நிமிஷத்துல முட்டைக்குள்ள காத்து இடம்னு ஒண்ணு இருக்கவே இருக்காது. முட்டை ஆற ஆற உள்ள இருக்குறது சுருங்கும், அப்பத்தான் அகலமான முனையில ஓட்டுக்கு உள்பக்கம் காத்து புகுந்து ஒரு சின்ன குழி உண்டாகும். நம்ம கையில அது ஆறுதுன்னா, நம்ம கையிலதான் அது முதல் மூச்சு இழுக்குதுன்னு வச்சுக்கலாம். இதைச் சொன்னா என் பையன் அப்பா ஓவரா போறாருங்கறான்.

கூண்டுக்குப் போறதுக்கு முன்னாடியே சத்தம் சொல்லிரும். முட்டை இடுறதுக்கு முன்னாடி ஒரு கேறல், இழுத்து இழுத்து, ஏதோ குறை சொல்ற மாதிரி, இடம் தேடி அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே. இட்டு முடிச்ச அப்புறம் கொக் கொக் கொக்கக்கோன்னு ஊருக்கே அறிவிப்பு. ஒண்ணு கத்துனா சும்மா மேஞ்சுக்கிட்டு இருக்குற மத்த அஞ்சும் சேர்ந்து கத்தும், சேவல் தலையைத் தூக்கிக்கிட்டு தானே இட்ட மாதிரி கத்தும். முட்டையைப் பத்திரமா வைக்கணும்னு நினைக்கிற உயிரு எதுக்கு இப்படி இடத்தைக் காட்டிக் குடுக்குதுன்னு எனக்கு இன்னும் விளங்கல, அது கத்துனதும் நான் ஓடுறேன், அதைத்தான் பார்க்குறேன்.

இப்போ உங்க 2,190 கணக்குக்கு வர்றேன். கோழிக்கு ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துல இருந்து 26 மணி நேரம் வரைக்கும் ஆகும். மஞ்சக்கரு இறங்கி வர்ற வழியில வெள்ளக்கரு சுத்த 3 மணி நேரம் மாதிரி, அப்புறம் சவ்வு, ஓடு கட்டுறதுக்கு மட்டும் 20 மணி நேரம் கிட்ட. முட்டை வெளிய வந்து அரை மணி நேரம் ஆனா அடுத்த மஞ்சக்கரு கிளம்பிரும். அதனால இன்னைக்கு காலையில 7 மணிக்கு இட்டா நாளைக்கு 8, மறுநாள் ஒன்பதரைன்னு நேரம் தள்ளிக்கிட்டே போகும், மத்தியானம் தாண்டி சாயங்காலத்தை நெருங்குனா அன்னைக்கு அடுத்த கருவை இறக்காது, ஒரு நாள் லீவு, மறுபடி காலையில இருந்து ஆரம்பம். ரொம்ப நல்லா இடுற கோழிக்கே இந்த லீவு உண்டு. இதுல பகல் வெளிச்சம் வேற இருக்கு, 14 மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் இருந்தா நல்லா இடும், பகல் குறைஞ்சா முட்டையும் குறையும். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகை உதிர்த்துட்டு புதுசு முளைக்க வைக்கும், அப்போ ரெண்டு மூணு மாசம் கடையே கிடையாது, இறகும் புரதம் முட்டையும் புரதம், ரெண்டையும் சேர்த்துப் பண்ண அதுக்கு முடியாது. அந்த நேரத்துல அதுங்களைப் பார்த்தா சண்டையில தோத்துட்டு வந்த மாதிரி அங்கங்க மொட்டையா திரியும், பாவமாவும் இருக்கும் சிரிப்பாவும் இருக்கும். முட்டைக்குன்னே உருவாக்கின இனம் வருஷத்துக்கு 300 தாண்டும்ங்கறது உண்மைதான். கொல்லையில தானா மேயுற சாதாரண கோழி பல சமயம் 100ஐ கூட தொடாது, எங்க வீட்டுல ரெண்டு வகையும் கலந்து இருக்கு, இன்னைக்கு நாலு வரும் நாளைக்கு ரெண்டு வரும், ஒரு நாள் அஞ்சு வந்துச்சுன்னா பக்கத்து வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லுவோம். தினம் சரியா ஆறுன்னு வந்தா நான் எதுக்கு சார் ஓடப் போறேன், அது குழாயைத் திறந்தா தண்ணி வர்ற மாதிரி ஆயிரும்.

எத்தனை வரும்னு தெரியாது, ஆனா வந்தது யாரோடதுன்னு தெரியும். இது கோழி இல்லாதவங்களுக்கு நம்ப முடியாது. ஒவ்வொரு கோழியும் தனக்குன்னு ஒரு அச்சு வச்சிருக்கும். கருப்பியோடது நீளமா ஒல்லியா இருக்கும். செவலை இடுறது நல்ல பழுப்பு, மேல மை தெளிச்ச மாதிரி புள்ளி. பொட்டுங்கற கோழி பந்து மாதிரி உருண்டையா இடும், முட்டை அட்டையில சரியா உக்காராது. குண்டம்மா இட்டப்போ அதோடது லேசா ரோஸ் கலந்த மாதிரி ஒரு நிறம், மொட்டவாலு இடுறதுல ஒரு முனையில எப்பவும் மணல் ஒட்டுன மாதிரி சொரசொரன்னு இருக்கும். ராணியோடது மட்டும் பெருசு, வெள்ளை. கூடையைப் பார்த்தாலே இன்னைக்கு யார் வேலைக்கு வரல, யார் ரெண்டு நாளா வரலன்னு என் பேத்தி ஹாஜர் எடுத்துருவா. பொட்டு ரெண்டு நாளா வரலன்னா அதைப் பிடிச்சுப் பார்க்கணும், கொண்டை வெளுத்திருக்கா, தீனி எடுக்குதா, வயிறு கல்லு மாதிரி இருக்கான்னு. ஒரு தடவை முட்டையை வச்சே கருப்பிக்கு உடம்பு சரியில்லன்னு கண்டுபிடிச்சோம், அதோட ஒல்லி முட்டை நாலு நாளா ஓடு மெல்லிசாகிக்கிட்டே வந்துச்சு.

முதல் முட்டையைச் சொல்லாம விட்டா பாவம். வெடைக்கோழியா வாங்கிட்டு வந்து, அஞ்சு மாசம் ஆகும்னாங்க, நாங்க நாலாவது மாசத்துல இருந்தே எட்டிப் பார்க்க ஆரம்பிச்சாச்சு. கொண்டை வெளிறுன ரோஸ்ல இருந்து நல்ல சிவப்பாகணும், முதுகுல கை வச்சா ஓடாம அப்படியே ரெக்கையை விரிச்சு உக்காரணும், அப்படி உக்காந்துச்சுன்னா இன்னும் கொஞ்ச நாள்ல வரும்னு அர்த்தம். தினம் போய் எல்லாக் கோழி முதுகுலயும் கை வச்சுப் பார்ப்போம், அதுங்களுக்கு எங்களைப் பார்த்தாலே வெறுப்பு வந்திருக்கும். கடைசியில ஒரு நாள் தண்ணி சட்டி பக்கத்துல வெறும் மண்ணுல கிடந்துச்சு, நெல்லிக்காயை விட கொஞ்சம் பெருசு, ஒரு துளி ரத்தக்கோடு மேல. எடுத்துட்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல வச்சு வீடே சுத்தி நின்னு பார்த்துச்சு. உடைச்சா உள்ள மஞ்சக்கருவே இல்ல! வெறும் வெள்ளக்கரு. ஆரம்பத்துல உடம்பு பழகுற வரைக்கும் அப்படி வரும்னு அப்புறம் தெரிஞ்சுச்சு, அதே மாதிரி மூணாவது வாரம் செவலை ஒரு பெரிய முட்டை இட்டு உள்ள ரெண்டு கரு இருந்துச்சு. பேத்தி அன்னைக்கு முழுக்க எல்லாருக்கும் வீடியோ கால்தான்.

முட்டை இட அழகா மூணு பெட்டி பண்ணி வச்சிருக்கேன், வைக்கோல் போட்டு, இருட்டா, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில. மூணும் ஒரே அளவு ஒரே மரம். ராணியைத் தவிர எல்லாக் கோழிக்கும் நடுப் பெட்டிதான் வேணும். உள்ள ஒண்ணு உக்காந்திருந்தா அடுத்தது வாசல்ல நின்னு திட்டிக்கிட்டே இருக்கும், பொறுக்க முடியாம மேலயே ஏறி உக்காந்துரும், பக்கத்துப் பெட்டி காலியா இருக்கும், திரும்பிக் கூட பார்க்காது. ஏற்கனவே முட்டை கிடக்குற இடம்தான் பத்திரமான இடம்னு அதுங்க நினைப்பு, அதனால மரத்துல கடைஞ்ச பொய் முட்டையை மூணு பெட்டியிலயும் ஒவ்வொண்ணா போட்டு வச்சோம். ஒரு வாரம் ஏமாந்துச்சுங்க. அப்புறம் மறுபடி நடுப் பெட்டி.

பெட்டி புடிக்காதது ராணிக்கு மட்டும். ஒரு தடவை ரெண்டு வாரத்துக்கு மேல அதோட வெள்ளை முட்டை வரவே இல்ல, கொண்டை சிவப்பா இருக்கு, தீனி எடுக்குது, நல்லா கத்துது வேற. ஒரு நாள் காலையில இருந்து வேற வேலை பார்க்காம அது பின்னாடியே போனேன், அது என்னைப் பார்த்துட்டு சும்மா புழு கிளறுற மாதிரி நடிக்குது, நான் திரும்பி நின்னு செடியைப் பார்க்குற மாதிரி நடிக்கிறேன், அரை மணி நேரம் இந்த நாடகம். கடைசியில பழைய பலகை சாய்ச்சு வச்சிருந்த சந்துக்குள்ள புகுந்துச்சு. டார்ச் அடிச்சா உள்ள 11 முட்டை, வட்டமா அடுக்கி வச்ச மாதிரி. புதையல் கிடைச்சா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும் சார்.

புதையல்தான், ஆனா எது எப்போ இட்டதுன்னு தெரியாதே. ஒரு பாத்திரத்துல தண்ணி எடுத்து ஒண்ணு ஒண்ணா விட்டோம். புதுசு தரையோட தரையா படுத்துரும். நாள் ஆக ஆக ஓட்டுத் துளை வழியா உள்ள இருக்குற ஈரம் போய் காத்து இடம் பெருசாகும், அதனால அகலமான முனை மேல எழும்பி முட்டை நிக்கும். மிதந்துச்சுன்னா ரொம்பப் பழசு. எங்க 11ல 7 படுத்துச்சு, 3 நின்னுச்சு, 1 மிதந்துச்சு. மிதந்தது கெட்டுப் போச்சுன்னே அர்த்தம் இல்லைன்னாலும் நான் அதை நம்பல, குழி தோண்டிப் புதைச்சுட்டேன். நின்ன மூணையும் தனித்தனியா ஒரு கிண்ணத்துல உடைச்சு மோந்து பார்த்துத்தான் சட்டியில ஊத்துனோம், இந்தப் பழக்கத்தை மட்டும் விடாதீங்க, ஒரு கூமுட்டை மொத்தத்தையும் கெடுத்துரும்.

அதே ராணி இந்த வருஷம் அடைக்கு உக்காந்துச்சு. அடைக்கோழிகிட்ட முட்டை எடுக்குறது வேற ஒரு அனுபவம். உடம்பை ரெண்டு மடங்கா உப்பி, ஒரு மாதிரி உறுமல், கையை நீட்டுனா நறுக்குன்னு கொத்தும். கொத்தட்டும்னு விட்டு அடிவயித்துக்குக் கீழ கையை விட்டா, அங்க இறகே இருக்காது, முட்டைக்குச் சூடு நேரா போகணும்னு அந்த இடத்துல இறகு கொட்டிப் போயிருக்கும், வெறும் தோல் கொதிக்கும். அங்க கை வச்சதும் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும், ஒத்துக்கிறேன். இந்தத் தடவை அதைக் கிளப்ப மனசு வரல, சேவல் இருக்குறதால கரு கூடுன முட்டைதான், 8 முட்டையை வச்சுவிட்டோம். பென்சில்ல ஒவ்வொண்ணுலயும் ஒரு கோடு, இல்லன்னா மத்த கோழிங்க வந்து நடுவுல இட்டுட்டுப் போயிரும், எது வச்சது எது வந்ததுன்னு தெரியாது. ஏழாம் நாள் ராத்திரி இருட்டுல டார்ச்சை முட்டைக்குப் பின்னாடி பிடிச்சுப் பார்த்தோம், உள்ள ஒரு கரும்புள்ளி, அதுல இருந்து சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு. பேத்தி மூச்சு விடல. 21ஆம் நாள் 6 குஞ்சு. ரெண்டு கூமுட்டை. அந்த மாசமும் அதுக்கு அப்புறம் ரெண்டு மாசமும் ராணி கணக்குல முட்டை பூஜ்யம், உங்க கட்டத்துல இதுக்கும் ஒரு வரிசை போட்டிருக்கலாம்.

எல்லா நாளும் இனிப்பு இல்ல. போன கோடையில ஒரு நாள் பெட்டிக்குள்ள கையை விட்டேன், ஏதோ மெத்துன்னு, உயிரோட ஏதோ கிடக்குன்னு நினைச்சு கையை இழுத்து தலையை மேல் பலகையில இடிச்சுக்கிட்டேன். தோல் முட்டை. ஓடே இல்லாம வெறும் சவ்வு, தண்ணி ஊத்துன பலூன் மாதிரி கையில ஆடும். வெயில்ல கோழி வாயைத் திறந்து இரைக்கும் பாருங்க, அப்படி இரைக்க இரைக்க ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு போகும், ஓடு கட்டுறதுக்கு அதுவும் வேணும், தீனியும் அப்போ குறைச்சலா எடுக்கும், அதனாலதான் கோடையில ஓடு மெல்லிசாகும். ஓடு முழுக்க சுண்ணாம்புச் சத்துதான், தீனியில போதலன்னா கோழி தன் எலும்புல இருந்து எடுத்துக் கட்டும், கேக்கவே கஷ்டமா இருந்துச்சு எனக்கு. அன்னைல இருந்து கிளிஞ்சல் தூள் தனி சட்டியில எப்பவும் இருக்கும், வேணுங்கறது வேணுங்கற அளவு கொத்திக்கும். நம்ம வீட்டு முட்டை ஓட்டையே காய வச்சுப் போடலாம், ஆனா நல்லா நொறுக்கிப் போடணும், முட்டை மாதிரி தெரிஞ்சா தன் முட்டையையே உடைச்சுக் குடிக்கிற பழக்கம் வந்துரும், ஒண்ணு கத்துக்கிட்டா எல்லாம் கத்துக்கும், அப்புறம் அதை மறக்க வைக்கிறது ரொம்பக் கஷ்டம். தண்ணியும் அப்படித்தான், முட்டையில முக்கால் பங்கு தண்ணி. ஒரு நாள் சட்டி கவுந்தது தெரியாம வெளியூர் போயிட்டோம், வந்த அப்புறம் ஒரு வாரத்துக்கு கூடை காலி.

கட்டுரையில இன்னொரு வரி, பழுப்பு முட்டையில வெள்ளை முட்டையை விட சத்து அதிகம்னு. இல்லவே இல்ல சார். ஓட்டு நிறம் இனத்தைப் பொறுத்தது, அவ்ளோதான். பழுப்பு இடுற கோழிக்கு கடைசி நேரத்துல மேல பெயின்ட் அடிக்கிற மாதிரி நிறம் ஏறும், உடைச்சு உள்பக்கம் பாருங்க வெள்ளையா இருக்கும். நீலமா இடுற இனம் கூட இருக்கு, அதுக்கு மட்டும் ஓட்டுக்கு உள்ளயும் நீலம். மஞ்சக்கரு நிறம் வேற கதை, அது தின்னதைப் பொறுத்தது. கீரை, புல்லு, மஞ்சச் சோளம்னு மேஞ்சா நல்ல ஆரஞ்சுக்கு வரும், எங்க வீட்டுல கீரைத்தண்டு போட்ட ரெண்டு வாரத்துல வித்தியாசம் தெரியும். அந்த நிறத்தை மட்டும் வச்சு சத்தை எடை போட முடியாதுன்னு படிச்சவங்க சொல்றாங்க, எனக்கு அது பரவாயில்ல, சட்டியில உடைச்சதும் மஞ்சக்கரு சரியாம குண்டா எழும்பி நிக்கிறதையும் அந்த நிறத்தையும் பார்க்கவே போதும்.

புது முட்டைன்னு பெருமை அடிச்சு ஒரு தடவை மூக்கறுபட்டேன். சம்பந்தி வீட்டுல இருந்து வந்திருந்தாங்க, காலையில எடுத்ததுன்னு சொல்லி அப்பவே வேக வச்சுக் குடுத்தோம். ஓடு உரிய மாட்டேங்குது, ஓட்டோட பாதி வெள்ளக்கரு பிஞ்சு வருது, தட்டுல வச்சது எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. புதுசுல கரியமில வாயு உள்ள நிறைய இருக்கும், அதனால வெள்ளக்கரு சவ்வோட ஒட்டிக்கும், ஒரு வாரம் போனா அது மெல்ல வெளிய போயிரும், அப்புறம் அழகா உரியும். அதனால இப்போ அவிக்கிறதுக்கு போன வாரத்தது, ஆம்லெட்டுக்கு இன்னைக்கு எடுத்தது. முட்டை மேல பென்சில்ல தேதி எழுதுறது என் வேலை, எழுதிட்டு அகலமான முனை மேல இருக்குற மாதிரி அடுக்குவேன்.

எடுத்ததும் கழுவக் கூடாதுங்கறதுலயும் எங்க வீட்டுல ரெண்டு கட்சி. நான் மேல சொன்ன அந்தப் பூச்சு கழுவுனா போயிரும், அதனால லேசா அழுக்கு இருந்தா காஞ்ச துணியில தொடைச்சு வைப்போம், சமைக்கப் போறப்போ கழுவுவோம். கழுவியே ஆகணும்னா முட்டையை விட கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்குற தண்ணி, பச்சைத் தண்ணியில போட்டா உள்ள இருக்குறது சுருங்கி வெளி அழுக்கை துளை வழியா உள்ள இழுக்கும். கழுவுனதை பிரிட்ஜுல வச்சு சீக்கிரம் தீர்த்துரணும். எச்சம் அப்பிக் கிடந்தா நான் வச்சுக்கிறதே இல்ல. பேத்தி கோழிக்கு முத்தம் குடுக்குறதை நிறுத்தத்தான் ரொம்ப நாள் ஆச்சு, சால்மோனெல்லான்னு ஒரு கிருமி இருக்கு, அது இதுன்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல, முட்டை எடுத்துட்டு சோப்பு போட்டு கை கழுவலன்னா அடுத்த நாள் டர்ன் எனக்குன்னு சொன்னேன், இப்போ முழங்கை வரைக்கும் கழுவுறா.

நம்மளை விட முட்டையை விரும்புறவங்க இருக்காங்க. காக்கா, கீரிப்பிள்ளை, பாம்பு. ஒரு நாள் விடியக்காலம் பெட்டிக்குள்ள கை விடப் போன நேரத்துல கருப்பியோட கத்தல் சரியில்லையேன்னு டார்ச் அடிச்சேன், அங்க ஒருத்தர் சுருண்டு படுத்திருந்தார், கழுத்துக்குக் கீழ முட்டை அளவுக்கு ஒரு வீக்கம். நான் அன்னைக்கு கத்துன கத்தலுக்கு ஆறு கோழியும் பதில் கத்துச்சு. அதுல இருந்து பாக்காம கை விடுறது இல்ல, சாயங்காலம் ஒரு தடவை கூடுதலா எடுத்துருவேன், ராத்திரிக்கு முட்டையே கிடக்கக் கூடாது.

குண்டம்மா இப்போ இடுறது இல்ல. அஞ்சு வயசு தாண்டிருச்சு, போன வருஷமே வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆச்சு, இப்போ அதுவும் இல்ல. ஆனா தினம் காலையில நடுப் பெட்டியில ஏறி முக்கால் மணி நேரம் உக்காரும், இறங்கி எல்லார மாதிரியும் கத்தும். நானும் போய்ப் பார்ப்பேன். மர முட்டைதான் கிடக்கும், சூடா இருக்கும். கட்டம் போட்டுக் கணக்கு பார்த்தா அது தின்னுற தீனி நஷ்டம், அதைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பேசல, நீங்களும் போடாதீங்க.

அடுத்த தடவை இதைப் பத்தி எழுதுனா, எழுதுறவரை ஒரு நாள் யார் வீட்டுக் கொல்லைக்காச்சும் காலையில அனுப்பி வைங்க. முட்டையை எடுத்து அவர் கையிலயே குடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
எச்சம் அள்ளுற ஒரு வாசகர்

பி.கு: அந்தக் கட்டுரைக்குப் போட்ட படத்துல, கூடை நிறைய முட்டை, பக்கத்துல பெருமையா நிக்கிற பறவை, கீழ 'தினமும் முட்டை தரும் கோழி'ன்னு எழுத்து. அது சேவல் சார். வளைஞ்சு தொங்குற வாலு இறகையும் கால்ல இருக்குற முள்ளையும் பாருங்க. என் பேத்திதான் கண்டுபிடிச்சா, திருத்தம் போடுவீங்களான்னு தினம் பேப்பர் வந்ததும் பார்க்குறா.